மாற்றுப் புரதம்: வாங்குபவரும் செய்பவரும் கேட்கும் கேள்விகள்

இறைச்சி, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் இடத்தில் வைக்கப்படும் எல்லாவற்றுக்கும் 'மாற்றுப் புரதம்' என்று ஒரே பெயரைச் சூட்டியதில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது. புரதம் கிடைப்பது இந்தத் தொழிலில் சிக்கலே இல்லை. பயறிலும் பட்டாணியிலும் வேண்டிய அளவு இருக்கிறது. அதை இழையாக்குவது, வாடை நீக்குவது, உதிராமல் பிடிக்க வைப்பது, மலிவாக விற்பது ஆகிய நான்கும்தான் ஆளைப் படுத்துகின்றன. கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி அவற்றைப் பற்றியதுதான்.

மாற்றுப் புரதம் என்றால் எவையெல்லாம்?

ஐந்து குடும்பங்கள். முதலாவது தாவரம்: சோயா, பட்டாணி, கோதுமைக் குளூட்டன், பாசிப்பயறு, கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு. இரண்டாவது, பூஞ்சையையோ பாக்டீரியாவையோ வளர்த்து அதன் உடலையே உணவாக்குவது. மூன்றாவது, நுண்ணுயிரின் மரபணுவில் திருத்தம் செய்து பால் புரதம், முட்டைப் புரதம் என்று குறிப்பிட்ட ஒன்றை மட்டும் சுரக்க வைப்பது. நான்காவது, விலங்கின் செல்லை எடுத்துத் தொட்டியில் பெருக்கும் செல் வளர்ப்பு இறைச்சி. ஐந்தாவது பூச்சி.

கடையில் இன்று கிடைப்பதில் மிகப் பெரும்பான்மை முதல் குடும்பம். செய்தியில் அதிகம் அடிபடுவது நான்காவது.

சந்தை வளர்கிறது என்கிறார்கள். உண்மையா?

எந்தப் பகுதியைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இறைச்சி போலவே இருக்கும் பாட்டிகளை (பர்கருக்குள் வைக்கும் வில்லைகளை) எடுத்துக்கொண்டால், அவற்றை விற்கும் பியாண்ட் மீட் நிறுவனத்தின் கணக்கே போதும். 2019 மே மாதம் 25 டாலருக்குப் பங்குச் சந்தைக்கு வந்த பங்கு, முதல் நாள் முடிவில் 65.75 டாலரில் நின்றது. அதன் ஆண்டு விற்பனை 2020ல் 40.7 கோடி டாலர், 2021ல் 46.5 கோடி. அதோடு ஏற்றம் நின்றது. 2022ல் 41.9 கோடி, 2023ல் 34.3 கோடி, 2024ல் 32.7 கோடி என்று இறங்கிக்கொண்டே வந்தது.

ஆர்வத்தில் ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வரவில்லை என்பதே இதன் சாரம். விலை கூடுதல், சுவை முக்கால்வாசிதான், பொருட்பட்டியலோ நீளம். முதல்முறை வாங்க வைப்பது விளம்பரத்தின் வேலை. இரண்டாம் முறை வாங்க வைப்பது வாணலியின் வேலை.

மறுபக்கம், புரதப் பொடி, ஊட்டச்சத்துப் பானம், ரொட்டி, நூடுல்ஸ், செல்லப்பிராணி உணவு ஆகியவற்றுக்குள் போகும் பட்டாணி, சோயாப் புரதங்களுக்கு நிலையான தேவை இருக்கிறது. அங்கே அது இறைச்சி வேடம் போட வேண்டியதில்லை. உள்ளே கலந்து தன் வேலையைச் செய்தால் போதும்.

பொடிப் பையில் மாவு, கான்சன்ட்ரேட், ஐசொலேட் என்று இருக்கிறதே, என்ன வித்தியாசம்?

எவ்வளவு தூரம் பிரித்தெடுத்தார்கள் என்பதுதான். ஈரம் நீக்கிய கணக்கில், எண்ணெய் எடுத்த சோயா மாவில் சுமார் 50% புரதம், கான்சன்ட்ரேட்டில் 65 முதல் 70%, ஐசொலேட்டில் 90%. பட்டாணி ஐசொலேட் 80 முதல் 85%. கோதுமைக் குளூட்டன் 75 முதல் 80%.

சதவீதம் கூடியதை வாங்கினால் நல்லது என்று எண்ண வேண்டாம். இழை வேண்டும் என்றால் கான்சன்ட்ரேட்டிலேயே நன்றாக வரும். பானத்தில் கரைய வேண்டும் என்றால்தான் ஐசொலேட் தேவை.

இன்னொரு விஷயம்: ஆய்வகம் நேரடியாக அளப்பது புரதத்தை அல்ல, நைட்ரஜனை. அதை 6.25 ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுவது வழக்கம். சோயாவுக்குச் சரியான எண் 5.71க்குப் பக்கம், கோதுமைக்கு 5.7, பாலுக்கு 6.38. பூச்சியில் கைட்டின் என்னும் ஓட்டுப்பொருளிலும் நைட்ரஜன் இருப்பதால் 6.25 போட்டால் புரதம் வீங்கித் தெரியும், 4.76 போடுவதே பொருத்தம் என்று புழுக்களில் செய்த ஆய்வு காட்டியது. இரண்டு விற்பனையாளரின் பொடியை ஒப்பிடும்போது எந்த எண்ணால் பெருக்கினார்கள் என்று முதலில் கேளுங்கள்.

பட்டாணியிலிருந்து ஐசொலேட் எப்படி எடுக்கிறார்கள்?

தோல் நீக்கி மாவாக்கி, தண்ணீரில் கலந்து, காரம் சேர்த்து பிஹெச் அளவை (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்ணை) 8 முதல் 9.5க்கு ஏற்றுவார்கள். புரதம் கரைந்துவிடும், மாவுச்சத்தும் நாரும் கரையாது. சுழல் இயந்திரத்தில் அவற்றைப் பிரித்து, தெளிந்த நீரில் அமிலம் விட்டு 4.5க்கு இறக்கினால் புரதம் தயிர்போலத் திரண்டு படியும். அதைக் கழுவி, 7க்கு நடுநிலையாக்கி, சூடான காற்றில் தெளித்து உலர்த்தினால் பொடி.

காரம் கூடிப்போனால் லைசின் (புரதத்தின் கட்டுமானக் கல்லான அமினோ அமிலங்களில் ஒன்று) சேதமாகும், நிறம் மங்கும். உலர்த்தும் சூடு கூடினால் பொடி பிறகு தண்ணீரில் கரையாது. கழுவுவதில் சோம்பல் பட்டால் உப்பு தங்கிவிடும்.

தண்ணீரே இல்லாத வழியும் உண்டு. மாவை மிக நுண்ணியதாக அரைத்துக் காற்றில் வீசினால் கனமான மாவுச்சத்து ஒரு பக்கமும் லேசான புரதத் துகள் ஒரு பக்கமும் விழும். 50 முதல் 55% புரதம்தான் கிடைக்கும், ஆனால் செலவும் கழிவுநீரும் மிகக் குறைவு.

கணக்குப் போடுபவர்களுக்கு: 100 கிலோ பட்டாணியில் சுமார் 20 கிலோ ஐசொலேட்தான் தேறும். மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து, பிறகு நார். அந்த மாவுச்சத்தை வாங்க ஆள் இல்லையென்றால், புரதம் என்ன விலைக்குப் போனாலும் ஆலை தேறாது. இதைப் பார்க்காமல் தொடங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

பச்சைப் பயறு வாடையும் கசப்பும் ஏன் போகவில்லை?

வாடைக்கு முக்கியக் காரணம் ஹெக்சனால். பயறை உடைத்தவுடன் அதிலுள்ள லைப்பாக்சிஜனேஸ் என்ற நொதி கொழுப்போடும் காற்றோடும் சேர்ந்து இதை உண்டாக்குகிறது. அரைத்த பிறகு சூடாக்கினால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். அரைப்பதற்கு முன்பே வெந்நீரிலோ நீராவியிலோ நொதியை முடக்க வேண்டும், அல்லது கொதிநீரிலேயே அரைக்க வேண்டும். கசப்பு, பயறிலுள்ள சாப்போனின் என்ற பொருள்களிடமிருந்து வருகிறது. அதைச் சூட்டால் போக்க முடியாது.

மசாலாவால் மூடிவிடலாம் என்பது பாதி உண்மை. காரமும் ஈஸ்ட் சாறும் முதல் கடியை மறைக்கும். வாடை தொண்டையில் பின்னால் வந்து நிற்கும். மாதிரியைச் சுவைக்கும்போது விழுங்கி அரை நிமிடம் கழித்து மதிப்பெண் போடுங்கள்.

பொடி எப்படி இறைச்சி இழையாகிறது?

எக்ஸ்ட்ரூடரில். நீண்ட உருளைக்குள் இரட்டைத் திருகு சுழல, மாவும் நீரும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருகிய பிசின்போல ஆகும்.

குறை ஈர முறையில் நீர் 20 முதல் 35%. டை எனப்படும் வெளியேற்று முனையை விட்டு வெளிவந்ததும் அழுத்தம் சட்டென விட, உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பொரிபோல உப்பும். மீல் மேக்கர் இப்படித்தான் உருவாகிறது. உலர்ந்தது, மாதக்கணக்கில் கெடாது, அதன் எடையைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு நீர் குடிக்கும்.

அதிக ஈர முறையில் நீர் 50 முதல் 70%. உருளையின் சூடு 120 முதல் 170 டிகிரி. இங்கே உப்ப விடக்கூடாது. அதனால் முனையில் நீளமான குளிர்விக்கும் டை இருக்கும். பிசின் அதன் சுவரோரம் மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் நகர, புரதம் ஓட்டத்தின் திசையில் அடுக்கடுக்காக உறையும். கையால் கிழித்தால் கோழித் துண்டுபோல நார் பிரிவது இதனால்தான். இது ஈரப்பொருள்; உடனே குளிரிலோ உறைநிலையிலோ வைக்க வேண்டும்.

எக்ஸ்ட்ரூடரில் எங்கே தவறுகிறது?

இழையே இல்லாமல் மாவுக் கட்டியாக வந்தால் உருளையின் கடைசிப் பகுதிச் சூடு போதவில்லை, அல்லது நீர் அதிகம். வெளிவந்ததும் வெடித்து, ஓரம் கிழிந்தால் குளிர்விக்கும் டை போதிய அளவு குளிரவில்லை. பொருள் 100 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகே வெளியேற வேண்டும். டையை மிகவும் குளிர்வித்தால் சுவரில் ஒட்டி அழுத்தம் ஏறும், பிறகு அடைத்துக்கொள்ளும். பழுப்பும் கருகல் மணமும் வந்தால் சூடு அதிகம், அல்லது பொருள் உள்ளே தங்கும் நேரம் அதிகம்.

வெளியீடு ஒரு நொடி தடித்தும் அடுத்த நொடி மெலிந்தும் துடித்தால் திருகைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் பொடி ஊட்டும் கருவியோ நீர் பம்போ சீராக இல்லை. இரண்டையும் தனித்தனியே ஒரு நிமிடம் ஓடவிட்டு எடை போட்டாலே தெரிந்துவிடும்.

தொடங்கும்போது அதிக நீரோடு தொடங்கிப் படிப்படியாகக் குறையுங்கள். நிறுத்தும்போதும் நீரைக் கூட்டி வெளியே தள்ளிவிட்டு நிறுத்துங்கள். சூடான உருளையில் புரதத்தை அப்படியே விட்டு அணைத்தால் மறுநாள் டையைக் கழற்றிச் சுரண்டுவதிலேயே பகல் போகும்.

ஒரு கிலோ பாட்டிக்கு அளவு சொல்ல முடியுமா?

தொடக்கத்துக்கு இது போதும். பிறகு உங்கள் பொருளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

- உலர் இழைப் புரதம் (பட்டாணி அல்லது சோயா) 190 கிராம்
- அதை ஊறவைக்க நீர் 380 கிராம்
- மெத்தில்செல்லுலோஸ் (உதிராமல் பிடிக்க வைக்கும் பொடி) 18 கிராம்
- பனிக்கட்டி நீர் 180 கிராம்
- சூரியகாந்தி எண்ணெய் 50 கிராம்
- உறைந்த தேங்காய் எண்ணெய் 70 கிராம்
- பட்டாணி ஐசொலேட் 50 கிராம்
- உருளைக்கிழங்கு மாவுச்சத்து 20 கிராம்
- பீட்ரூட் பொடி 12 கிராம்
- உப்பு 10, ஈஸ்ட் சாறு 10, மசாலா அல்லது மணச்சாறு 10 கிராம்

இழைப் புரதத்தை 30 நிமிடமாவது ஊறவைத்து, 5 டிகிரிக்குக் குளிர்வியுங்கள். மெத்தில்செல்லுலோஸைச் சூரியகாந்தி எண்ணெயில் கலக்குங்கள். அது எண்ணெயில் கரையாது, தனித்தனித் துகளாகப் பிரிந்து நிற்கும், அதுதான் வேண்டும். பனிக்கட்டி நீரை விட்டு வேகமான மிக்சியில் மூன்று நான்கு நிமிடம் அடித்தால் வெண்மையான கெட்டிப் பசை வரும். இதைக் குளிர்பெட்டியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு பொடிகள், ஊறிய இழை, பசை ஆகியவற்றைத் துடுப்பால் மெதுவாகக் கலக்கவும். கத்தி போட்டால் இழை அரைபட்டுப் போகும். துருவிய தேங்காய் எண்ணெயைக் கடைசியில், கலவை குளிர்ந்திருக்கும்போதே சேர்க்கவும். 100 கிராம் வில்லைகளாக அச்சிட்டு உறையவைக்கவும்.

இழைப் புரதம் 70%, ஐசொலேட் 80% என்று கொண்டால், 100 கிராமில் சுமார் 17 கிராம் புரதம் வரும்.

வாணலியில் உதிர்ந்துபோகிறது. ஏன்?

பத்தில் எட்டு முறை மெத்தில்செல்லுலோஸ் நீரை ஏற்கவில்லை என்பதே காரணம். இந்தப் பொருளின் குணம் தலைகீழானது: குளிரில் கரையும், 50 முதல் 60 டிகிரியில் இறுகும், ஆறினால் மறுபடி இளகும். வெதுவெதுப்பான நீரில் கலந்தால் மேற்பரப்பு மட்டும் இறுகிக் கட்டி கட்டியாக நிற்கும், உள்ளே காய்ந்த பொடி அப்படியே இருக்கும்.

சூடாக இருக்கும்போது நன்றாகப் பிடித்து, தட்டில் ஆறியதும் உதிர்ந்தால், அது அந்த இளகும் குணம். சூட்டில் ஒருமுறை இறுகினால் மீண்டும் இளகாத புரதம் துணைக்கு வேண்டும். ஐசொலேட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள், அல்லது உருளைக்கிழங்குப் புரதம் 1 முதல் 2% சேர்த்துப் பாருங்கள்.

ரப்பர்போல இழுத்தால் மெத்தில்செல்லுலோஸ் 2.5%ஐத் தாண்டியிருக்கும், அல்லது குளூட்டன் அதிகம். நடுவில் கூழாக இருந்தால் ஊறவைத்த நீர் அதிகம். இழையைப் பிழிந்து பாருங்கள், சொட்டக்கூடாது. வாணலியில் எண்ணெய் குளமாக நின்றால் கலக்கும்போதே தேங்காய் எண்ணெய் உருகிவிட்டது. அது சுமார் 24 டிகிரியிலேயே உருகும், கலக்கும் இடம் அதைவிடச் சூடாக இருந்தால் கிண்ணத்தையும் துடுப்பையும் குளிரவைத்தே வேலை செய்ய வேண்டும்.

மெத்தில்செல்லுலோஸ் கெடுதலா?

இல்லை. தாவர நாரான செல்லுலோஸிலிருந்து வேதிமுறையில் செய்யப்படுவது. குடலில் உறிஞ்சப்படாமல் வெளியேறிவிடும். மலச்சிக்கலுக்கு மருந்தாகவே தருகிறார்கள். பொருட்பட்டியலில் பெயர் பயமுறுத்துகிறது என்பதுதான் அதன் குற்றம். அதை எடுத்துவிட்டு அதே பிடிப்பைத் தரும் ஒரே பொருளை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு மூன்றைச் சேர்த்துத்தான் சமாளிக்கிறார்கள்.

இரத்தம்போல சிவப்பு எப்படி வருகிறது?

மலிவான வழி பீட்ரூட். சூட்டில் அதன் நிறமி சிதைந்து மங்கும். ஆனால் பழுப்பாக மாறுவதில்லை என்பதால், வெந்த தோற்றத்துக்குக் கூடவே கொஞ்சம் மால்ட் சாறோ ஆப்பிள் சாறோ சேர்ப்பார்கள்.

இம்பாசிபிள் ஃபுட்ஸ் என்ற நிறுவனம் எடுத்தது வேறு வழி. சோயாச் செடியின் வேர் முடிச்சில் லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம் உண்டு. இறைச்சியின் நிறத்தைத் தரும் ஹீம் அதிலும் இருக்கிறது. அந்த மரபணுவை ஈஸ்ட்டில் வைத்துத் தொட்டியில் சுரக்க வைக்கிறார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதை நிறமிப் பொருளாக 2019ல் அனுமதித்தது. நிறத்தைவிட மணத்தில்தான் ஹீமுக்கு வேலை அதிகம்: சூட்டில் சர்க்கரை, கந்தக அமினோ அமிலங்களோடு சேர்ந்து இறைச்சி மணத்தை எழுப்புகிறது.

தாவரப் பால் எல்லாம் புரதத்துக்கு ஈடாகுமா?

ஆகாது. பசும்பாலில் 100 மில்லிக்கு சுமார் 3.3 கிராம் புரதம். சோயாப் பால் 3 முதல் 3.5 வரை வரும். ஓட்ஸ் பானத்திலும் பாதாம் பானத்திலும் பொதுவாக 1 கிராம் சுற்றித்தான். ஓட்ஸ் பானத்தின் இனிப்பு பெரும்பாலும் சேர்த்த சர்க்கரை அல்ல. மாவுச்சத்தை நொதி உடைத்து மால்டோஸ் ஆக்கியது. ஆனால் உடலுக்கு அதுவும் சர்க்கரைதான்.

காபியில் திரிகிறது என்பது அடிக்கடி வரும் புகார். காபியின் பிஹெச் 5 அளவில் இருக்கும். தாவரப் புரதம் திரளும் 4.5க்கு அது மிகப் பக்கம், மேலே சூடும் சேர்கிறது. தயாரிப்பாளர் அமிலத்தைத் தணிக்கும் டைபொட்டாசியம் பாஸ்பேட் என்ற உப்பைச் சேர்ப்பது அதற்குத்தான். வீட்டில் செய்யக்கூடியது: கோப்பையில் முதலில் பாலை விட்டு, காபியைக் கொஞ்சம் ஆறவைத்து மெதுவாக ஊற்றுவது.

தாவரப் பாலாடைக்கட்டியில் இன்னும் கவனம் வேண்டும். பாலிலுள்ள கேசின் என்ற புரதம் தரும் உருகலையும் இழுவையையும் தாவரப் புரதம் தருவதில்லை. ஆகவே பல தயாரிப்புகள் மாவுச்சத்தும் தேங்காய் எண்ணெயும் மட்டுமே. பின்பக்க அட்டவணையில் புரதம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும்.

தாவரப் புரதம் 'முழுமையற்றது' என்பது சரியா?

தனித்தனியே பார்த்தால் சரி. தட்டைப் பார்த்தால் பெரிதாகப் பொருட்டில்லை. தானியத்தில் லைசின் குறைவு. பயறில் மெத்தியோனின் என்ற இன்னோர் அமினோ அமிலம் குறைவு. இரண்டையும் ஒரே நாளில் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். ஒரே வேளையில் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

செரிமானத்தையும் சேர்த்து மதிப்பிடும் அளவுகோலில் முட்டையும் பால் புரதமும் 1.0 என்றால், சோயா ஐசொலேட் 0.9 முதல் 1.0 வரை, பட்டாணிப் புரதம் 0.8 முதல் 0.9 வரை, கோதுமைக் குளூட்டன் 0.25. அதாவது குளூட்டன் மட்டும் வைத்துச் செய்த 'இறைச்சி'யில் 20 கிராம் புரதம் என்று போட்டிருந்தாலும், அதையே நம்பியிருப்பவருக்கு அது 5 கிராம் வேலைதான் செய்யும். வளர்ந்தவருக்கு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்பது அடிப்படை அளவு.

விலங்குணவை முழுதும் விட்டால் எது குறையும்?

புரதம் அல்ல, வைட்டமின் பி12. தாவரத்தில் அது இல்லை. வளர்ந்தவருக்கு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் வேண்டும். செறிவூட்டிய உணவோ மாத்திரையோ கட்டாயம். அடுத்தது இரும்பும் துத்தநாகமும். பயறில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் மூன்றும் அதைத் தளர்த்தும். சாப்பாட்டோடு வைட்டமின் சி உள்ள பழமோ காயோ இருந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும்; காபியும் தேநீரும் ஒரு மணி நேரம் தள்ளி.

ஆயத்தப் பாட்டியில் உப்பைப் பாருங்கள். மேலே சொன்ன அளவிலேயே 100 கிராமுக்கு 1 கிராம் உப்பு வந்துவிடுகிறது. சோடியமாகச் சொன்னால் 400 மில்லிகிராம். பச்சை இறைச்சியில் இவ்வளவு இருக்காது.

சோயா ஆண்களின் ஹார்மோனைக் குறைக்குமா?

மனிதர்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வுகளில், வழக்கமான அளவு சோயா டெஸ்டோஸ்டிரோனை மாற்றவில்லை. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: சோயா அந்த மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். மாத்திரைக்கும் சோயாவுக்கும் சுமார் நான்கு மணி நேர இடைவெளி விட்டு, மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வாமை?

சோயா, கோதுமை, இரண்டும் தெரிந்தவை. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள சிலருக்குப் பட்டாணியும் லூப்பின் பயறும் ஒத்துக்கொள்ளாது. ஐசொலேட்டில் புரதம் செறிவாக இருப்பதால், வேகவைத்த பட்டாணியைத் தாங்கியவர்கூட இதில் மாட்டலாம். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் பூச்சி உணவைத் தொடவே வேண்டாம்.

பூஞ்சைப் புரதம் என்றால் காளானா?

காளான் அல்ல, மண்ணில் வாழும் இழைப் பூஞ்சை. குவார்ன் என்ற பெயரில் 1985 முதல் பிரிட்டனில் விற்பனையாகும் பொருளின் மூலம் ஃபியூசேரியம் வெனெனேட்டம். அந்நாட்டு மண்ணிலிருந்தே 1960களில் பிரித்தெடுத்தது. குளுக்கோஸ், அம்மோனியா, தாதுக்கள், காற்று ஆகியவற்றோடு உயரமான தொட்டியில் 30 டிகிரிக்குச் சற்றுக் குறைவான சூட்டில் வளர்ப்பார்கள். வேகமாக வளரும் செல்லில், புரதம் உண்டாக்க உதவும் ஆர்என்ஏ என்ற பொருள் அதிகம். அப்படியே தின்றால் யூரிக் அமிலம் ஏறும். அதனால் அறுவடையானதை 68 டிகிரிக்கு மேல் 20 முதல் 30 நிமிடம் வைத்து, ஆர்என்ஏவை 2%க்குக் கீழே இறக்குவார்கள். பிறகு பிணைப்பான் சேர்த்து, வேகவைத்து, உறையவைப்பார்கள். பனிப்படிகம் வளரும்போது இழைகளை ஒன்றோடொன்று நெருக்குவதால்தான் இறைச்சிக் கடி வருகிறது.

தொட்டியை நிறுத்தாமல் வாரக்கணக்கில் ஓட்டலாம், ஆனால் முடிவின்றி ஓட்ட முடியாது. சுமார் 1000 மணி நேரத்துக்குப் பிறகு, குட்டையாகக் கிளைக்கும் மாற்றுருக்கள் தலைதூக்கும். அவற்றில் இழை நீளம் போதாது, பொருள் பொடிபொடியாகும். அப்போது வடித்துக் கழுவித் திரும்பத் தொடங்க வேண்டியதுதான்.

பாக்டீரியாப் புரதத்தில் ஒரு பழைய பாடம் உண்டு. மெத்தனாலில் வளரும் பாக்டீரியாவைக்கொண்டு ஐசிஐ நிறுவனம் 'ப்ரூட்டீன்' என்ற கால்நடைத் தீவனத்தை 1980 வாக்கில் பெரிய அளவில் தயாரித்தது. தொழில்நுட்பம் வேலை செய்தது. சோயாப் பிண்ணாக்கு அதைவிட மலிவாக இருந்தது, அவ்வளவுதான், கதை முடிந்தது.

பசு இல்லாமல் பால் புரதம் எப்படி?

புதிது என்று தோன்றும், அடிப்படை பழையது. பாலைத் திரியவைக்கும் கைமோசின் நொதியை முன்பு கன்றின் வயிற்றிலிருந்து எடுத்தார்கள். மரபணு மாற்றிய நுண்ணுயிர் சுரந்த கைமோசினை அமெரிக்கா 1990ல் அனுமதித்தது. இன்று அங்கே தயாராகும் பாலாடைக்கட்டியில் பெரும்பகுதி அதைக்கொண்டே. அதே முறையில் பெர்ஃபெக்ட் டே நிறுவனம் பூஞ்சையைக்கொண்டு, பால் திரிந்தபின் மிஞ்சும் நீரிலுள்ள புரதமான பீட்டா லாக்டோகுளோபுலினைச் சுரக்க வைத்தது.

வேறுபாடு அளவில் இருக்கிறது. நொதி ஒரு தொட்டிப் பாலுக்குச் சிட்டிகை போதும். உணவாக விற்க வேண்டிய புரதம் டன் கணக்கில் வேண்டும். நொதிக்குக் கட்டுப்படியான விலை உணவுக்குக் கட்டுப்படியாகாது. பால் ஒவ்வாமை உள்ளவருக்கு இதுவும் ஆகாது என்பதை மறக்க வேண்டாம். மாடு இல்லையே தவிர, புரதம் அதே புரதம்.

செல் வளர்ப்பு இறைச்சி எப்போது சாதாரணமாகக் கிடைக்கும்?

தேதி சொல்பவரை நம்பாதீர்கள். 2013 ஆகஸ்ட்டில் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் போஸ்ட் லண்டனில் காட்டிய ஒரு பர்கருக்கு ஆன செலவு சுமார் 2,50,000 யூரோ. சிங்கப்பூர் 2020 டிசம்பரில் விற்பனைக்கு அனுமதித்த முதல் நாடானது. அமெரிக்கா 2023 ஜூனில் அப்சைட் ஃபுட்ஸ், குட் மீட் என்ற இரண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி தந்தது. அதே ஆண்டு நவம்பரில் இத்தாலி தடை போட்டது. 2024ல் ஃபுளோரிடாவும் அலபாமாவும் தடை போட்டன.

சட்டத்தைவிடப் பெரிய தடை உயிரியல். விலங்குச் செல் இரட்டிப்பாகச் சுமார் ஒரு நாள் ஆகும். ஒரு பாக்டீரியாவுக்கு 20 நிமிடம் போதும். சத்து நிறைந்த, 37 டிகிரி சூடுள்ள தொட்டியில் ஒரு கிருமி நுழைந்தால் மறுநாள் அது கிருமித் தொட்டிதான். மருந்து ஆலைக்குரிய தூய்மையை உணவு விலையில் தர வேண்டும். அடுத்தது, செல்லைப் பெருகத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளின் விலை. மூன்றாவது தடிமன்: இரத்தக் குழாய் இல்லாத திசுவில் ஆக்சிஜன் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டருக்கு மேல் ஊடுருவாது. கொத்துக்கறிபோல ஒன்றைச் செய்வது எளிது, தடித்த துண்டு கடினம் என்பதற்கு இதுவே காரணம். இப்போதைக்கு வெளிவருபவற்றில் பல, தாவரப் புரதத்தோடு செல்லைக் கொஞ்சம் கலந்தவை.

பூச்சி?

தொழில்நுட்பமாகப் பார்த்தால் எளியது. ஐரோப்பிய ஒன்றியம் மஞ்சள் மாவுப்புழுவை 2021 ஜூனில் உணவாக அனுமதித்தது. மனிதர் தட்டைவிட மீன், கோழித் தீவனத்தில்தான் இதற்கு இடம் தெரிகிறது.

சூழலுக்கு உண்மையிலேயே நல்லதா?

119 நாடுகளின் சுமார் 38,700 பண்ணைகளின் தரவைத் தொகுத்து 2018ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வின்படி, 100 கிராம் புரதத்துக்கு வெளியாகும் பசுமைக்குடில் வாயு, இறைச்சிக்கென வளர்க்கும் மாட்டில் சுமார் 50 கிலோ, கோழியில் 5.7, டோஃபுவில் (சோயாப் பன்னீர்) 2, பட்டாணியில் 0.4. மாட்டுக்குப் பதில் என்றால் எந்தத் தாவரப் பொருளை வைத்தாலும் லாபம். கோழிக்குப் பதில் என்றால், பலமுறை பதப்படுத்தி, உறையவைத்து, தூரம் அனுப்பிய பொருளின் லாபம் சுருங்கிவிடும். செல் வளர்ப்பு முறையில் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதே விடையைத் தீர்மானிக்கும்.

'பால்', 'பர்கர்' என்று பெயர் வைக்கலாமா?

நாட்டுக்கு நாடு வேறுபடும். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017ல், பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி என்ற பெயர்களைத் தாவரப் பொருளுக்கு வைக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. உறை அச்சடிப்பதற்கு முன், விற்கப்போகும் ஒவ்வொரு நாட்டின் விதியையும் பாருங்கள். அச்சடித்த உறையைக் குப்பையில் கொட்டுவது இந்தத் தொழிலில் அரிதல்ல.

சிறிய அளவில் தொடங்க எது முதல் செலவு?

எக்ஸ்ட்ரூடர் அல்ல. உலர்ந்த இழைப் புரதத்தை மூன்று நான்கு விற்பனையாளரிடம் மாதிரியாக வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் 50 கிராமை 200 கிராம் நீரில் 30 நிமிடம் ஊறவைத்து, வடித்து, எடை போடுங்கள். எவ்வளவு நீர் பிடித்தது என்று தெரியும். அதே பொருளின் இரண்டு தொகுதிகளுக்குள் இந்த எண் 10%க்கு மேல் ஆடினால் அந்த விற்பனையாளர் வேண்டாம், உங்கள் கலவை ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டிருக்கும்.

வாங்க வேண்டிய கருவிகள்: 0.1 கிராம் காட்டும் தராசு, குத்தும் வெப்பமானி, குளிர்ந்த கிண்ணமுள்ள கலப்பான், வேகமாக உறையவைக்கும் பெட்டி. சுவைச் சோதனையை வீட்டாரிடமும் நண்பரிடமும் நடத்தாதீர்கள். அவர்கள் பாராட்டத்தான் செய்வார்கள். பெயர் எழுதாத மூன்று தட்டுகள், இரண்டில் ஒரே பொருள், ஒன்றில் வேறு. எது வேறு என்று கேளுங்கள். மாற்றத்தைக் கண்டே பிடிக்கவில்லை என்றால், மலிவான செய்முறையை வைத்துக்கொள்ளலாம்.

கெட்டுப்போகுமா? தாவரம்தானே?

இறைச்சியைப் போலவே கெடும். ஈரம் அதிகம், புளிப்பு இல்லை. கிருமிக்கு இரண்டும் ஒன்றுதான். எக்ஸ்ட்ரூடர் சூட்டில் பெரும்பாலான கிருமி சாகும், ஆனால் பேசில்லஸ், கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியாக்களின் வித்துகள் பிழைத்துக்கொள்ளும். குளிர்ப்பொருளை 0 முதல் 4 டிகிரியில், உறைந்ததை மைனஸ் 18ல் வையுங்கள். சமைக்கும்போது நடுப்பகுதி 74 டிகிரி தொட வேண்டும். பீட்ரூட் சிவப்பு வெந்த பிறகும் தங்கலாம் என்பதால் நிறத்தை நம்பாமல் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். உறைந்த பாட்டியை உருகவிடாமல் நேராக வாணலியில் போடுவது நல்லது: உருகினால் நீர் கசிந்து, மெத்தில்செல்லுலோஸ் இறுகுவதற்குள் ஓரம் உதிரத் தொடங்கிவிடும்.